செருப்பு பேசுகிறது!

கோவில்பதாகையிலிருந்து ஆவடித் தொழிற்சாலைக்குச் செல்லும் தோழரே! முள் தைத்தால் "ஐயோ" என்கிறீர். அந்த "ஐயோ"தான் காலுக்குக் காவலன். நீரிழிவு முற்றினால், தொழுநோய் நரம்பைத் தின்றால், அக்குரல் அடங்கிவிடும். கால் புண்ணாவது காலுக்கு உரியவனுக்கே தெரியாது.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் இதைக் கண்டார். தொழுநோயாளியின் சதை தானாக அழுகவில்லை. வலி தெரியாமல் பட்ட காயங்களே விரலைத் தின்றன! 1966-இல் அமெரிக்காவின் கார்வில் சென்றவர், அழுத்தம் மிகுந்தால் ஒலியெழுப்பும் கருவிகளை நோயாளிகளுக்குப் பொருத்திப் பார்த்தார். ஒலி கேட்டது. கேட்டும் என்ன? கையிலிருந்த வேலை முடியவேண்டுமென்று கருவியையே நிறுத்தினார்கள்!

இன்று அக்கருவி, ரப்பர்போல் வளையும் மெல்லிய ஏடு. அமுக்கினால் அதன் மின்தடை மாறும். மாற்றத்தை அளந்தால் அழுத்தம் தெரியும். செருப்புக்குள்ளேயே அடக்கலாம். மகிழ்ச்சிதான். ஆனால் நாளெல்லாம் நின்றே தீரவேண்டியவனிடம் செருப்பு "உட்கார்" என்றால் அவன் எங்கே உட்காருவான்? நின்று உழைப்பவனுக்கு இருக்கை வேண்டுமென்று தொழிற்சாலைக்கு 1948 சட்டத்திலேயே எழுதினார்கள். கடைப் பணியாளருக்குத் தமிழ்நாட்டில் அது சட்டமானது 2021-இல்.

உம் பட்டறையில் அந்த முக்காலி எந்த மூலையில் இருக்கிறது, தோழரே?