மாணவர் மனநிலையும் சமூக வரலாறும்

நம்பிக்கை, அவநம்பிக்கை, பதகளிப்பு என்பனவற்றைத் தனிமனித இயல்புகளாகவே பலரும் கருதுவர். யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பல்கலைக்கழக மாணவரின் வரலாறு இக்கருத்தின் போதாமையைப் புலப்படுத்துகிறது.

வற்றாத ஆறொன்றும் இல்லாத இக்குடாநாட்டில் நடுத்தர வகுப்பினருக்குக் கல்வியே மூலதனமாயிற்று. பரீட்சைப் பெறுபேறு, அரசாங்க உத்தியோகம், குடும்ப மேன்மை என்ற ஏணியே நம்பிக்கையின் வடிவமாக விளங்கியது. ஒடுக்கப்பட்ட சாதியினரோ அதன் அடிப்படியை அணுகவே போராட வேண்டியிருந்தது. 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டம் உத்தியோக வாய்ப்பைச் சுருக்கியது; 1970களின் முற்பகுதியில் வந்த தரப்படுத்தல் பல்கலைக்கழக வாயிலையும் ஒடுக்கியது. தனித்தனியே வளர்ந்த நம்பிக்கைகள் கூட்டு விரக்தியாக மாறின. எனினும், பின்வந்த மாவட்ட ஒதுக்கீடு வன்னியின் பின்தங்கிய பகுதி மாணவருக்கு வாய்ப்பளித்தது. ஒரே ஏற்பாடு ஒருவருக்கு விரக்தியும் மற்றவருக்கு நம்பிக்கையும் தந்தமை, மனநிலைகளின் சமூக அடித்தளத்தைக் காட்டுகிறது.

1974இல் க. கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு திருநெல்வேலியில் தொடங்கிய வளாகம் புதிய எதிர்பார்ப்பை எழுப்பியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டமையும் 1983ஆம் ஆண்டு வன்செயல்களும் அதனைப் பதகளிப்பாக்கின. விரக்தி, எதிர்காலம் மூடப்பட்டதென முடிவு செய்கிறது. பதகளிப்போ, அது இன்னும் தீர்மானிக்கப்படவில்லை என்றுணர்ந்து அலைகிறது. ஆதலின் அதனுள் அறிவின் கூறும் உண்டு.

முற்போக்கு விமரிசனம் சிலவேளைகளில் நம்பிக்கையூட்டும் முடிவை இலக்கியத்துக்கு நிபந்தனையாக்கியது. அந்நிபந்தனைப்படி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவியான சிவரமணியின் கவிதைகள் அவநம்பிக்கை என ஒதுக்கப்படும். ஆயின், அவை போரையும் பெண்ணடிமையையும் தம் சமூகத்தினுள்ளே எழுந்த அடக்குமுறையையும் வினாவுக்குட்படுத்தின. 1991இல் அவர் தம் கவிதைகளை எரித்துத் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். அம்முடிவை அளவுகோலாக்கி அக்கவிதைகளைத் தோல்வியின் சாட்சியமாக வாசித்தல் பொருந்தாது. 1989இல் விரிவுரையாளர் ராஜினி திராணகம சுட்டுக்கொல்லப்பட்ட சூழலில், வினவுவதற்கான வெளியே சுருங்கியிருந்தது என்பதே நோக்கத்தக்கது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் மாணவர் பலர் வெளிநாட்டுப் பயணத்தையே புதிய ஏணியாகக் காண்கின்றனர். “நல்லதையே நினை” என்ற அறிவுரை அவர்தம் பதகளிப்பைக் குணக்குறையாக்கி, அதன் காரணங்களை மறைத்துவிடுகிறது. தளர்ந்த மாணவருக்கு உளவளத்துணை கிடைத்தல் இன்றியமையாதது. அதனுடன், காரணங்களை அச்சமின்றிக் கூடி ஆராயும் வாய்ப்பும் பல்கலைக்கழகத்தினுள் இருத்தல் வேண்டும். அத்தகைய ஆராய்விலிருந்து பிறக்கும் நம்பிக்கை, பெறுபேறு ஒன்றினால் உடைந்துவிடக்கூடியதன்று.