பழைய மோட்டார் சைக்கிளுக்குப் புதிய ரெக்டிஃபயர்



ஓசூர்த் தொழிற்சாலைகளில் மாலை ஷிப்டு முடிந்து இரவில் கிருஷ்ணகிரிக்குத் திரும்புவோருள் நானும் ஒருவன். வழி ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஓரிரவு சூளகிரியை நெருங்கும்போது என் பழைய மோட்டார் சைக்கிளின் விளக்கு மங்கியது. சற்றைக்கெல்லாம் எஞ்சினும் நின்றது. லாரிகள் இரைந்து பாயும் நெடுஞ்சாலையின் ஓரத்தில், விளக்கற்ற வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். அன்று பட்ட அச்சம் இன்றும் மறக்கவில்லை.

குற்றம் ரெக்டிஃபயரில் இருந்தது. அது செய்யும் வேலை என்ன? எஞ்சினோடு சுழலும் காந்தம் கம்பிச் சுருளில் மின்சாரத்தை எழுப்புகிறது. அம்மின்சாரம் நொடிக்குப் பன்முறை திசை மாறி ஓடுவது. பாட்டரியோ ஒரே திசையில் வரும் மின்சாரத்தையே ஏற்கும். கிணற்றுப் பம்பின் ஃபுட்வால்வு நீரை மேலே விட்டுக் கீழே இறங்காமல் தடுப்பதுபோல, மின்சாரத்தை ஒரு திசையில் விட்டு மறு திசையில் தடுப்பதே ரெக்டிஃபயர். அது பழுதானால் பாட்டரிக்கு வரவு நின்று, செலவு மட்டும் நடக்கும்.

மறுநாளே ஒரு கடையில், அளவிலும் உருவிலும் பழையதை ஒத்த ஒன்றை வாங்கிப் பூட்டினேன். சில வாரங்களில் பாட்டரி கொதித்து வறண்டது, பல்புகளும் கருகின. பழைய உறுப்புக்குள் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் அடங்கியிருந்தது. நான் வாங்கியதோ வெறும் ரெக்டிஃபயர். உருவத்தை நம்பி ஏமாந்த பின்னரே, வாங்குமுன் கேட்டறிய வேண்டியவை சில உண்டென்று உணர்ந்தேன்.

முதலாவது, வண்டிக்கு ரெக்டிஃபயர் தேவையா? மைசூரில் உருவான பழைய ஜாவா வண்டிகள் இன்னும் நம் எல்லைப்புறச் சாலைகளில் ஓடுகின்றன. அவற்றில் இருப்பது டைனமோ. அது தானே ஒருதிசை மின்சாரத்தைத் தருவதால், அங்கே ரெக்டிஃபயருக்கு இடமில்லை. ரெகுலேட்டரையும் கார்பன் பிரஷ்களையுமே சோதிக்க வேண்டும்.

இரண்டாவது, பாட்டரி 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா? ரெகுலேட்டர் சேர்ந்த உறுப்பானால் இது மாறவே கூடாது.

மூன்றாவது, சுருளிலிருந்து வரும் கம்பிகள் எத்தனை? இரண்டு முனைகளும் வண்டியின் இரும்புச் சட்டத்தைத் தொடாமல் வருமானால், நான்கு டையோடுகள் கொண்ட பிரிட்ஜ் பொருந்தும். மூன்று கட்ட மின்சாரமானால் ஆறு டையோடுகள் வேண்டும். சிறிய வண்டிகள் பலவற்றில் சுருளின் ஒரு முனை சட்டத்தோடு இணைந்திருக்கும். அங்கே பிரிட்ஜைப் பூட்டி அதன் ஒரு முனையையும் சட்டத்தில் சேர்த்தால், சுருளே ஷார்ட் ஆகிச் சூடேறும்.

நான்காவது, பாட்டரியின் எந்த முனை சட்டத்தோடு சேர்ந்திருக்கிறது? இன்றைய வண்டிகளில் மைனஸ். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பிளஸ். இதைப் பாராமல் இணைத்தால் புதிய உறுப்பு அக்கணமே கருகும். பழைய செலினியத் தகட்டடுக்கில் நடு போல்ட்டே சட்டத்தோடு சேரும் மின்முனையாக இருப்பதுண்டு. அதற்குப் பதில் சிலிக்கான் பிரிட்ஜ் வைப்போர், அந்த முனைக்குத் தனிக் கம்பி இட மறக்கலாகாது.

ஐந்தாவது, எத்தனை ஆம்பியர்? சுருள் தரும் வாட்டை வோல்ட்டால் வகுத்தால் கிடைக்கும். 120 வாட்டை 12ஆல் வகுத்தால் 10 ஆம்பியர். அதற்கு 10 ஆம்பியர் உறுப்பை வாங்குவது சிக்கனமன்று. 25 அல்லது 35 ஆம்பியர் உள்ளதை வாங்குக. பிரிட்ஜில் மின்சாரம் எந்நேரமும் இரண்டு டையோடுகளைக் கடப்பதால், ஏறத்தாழ 15 முதல் 20 வாட் வெப்பமாகிறது. உறுப்பின் மேல் பொறித்த ஆம்பியர், அது குளிர்ந்திருக்கும்வரையே செல்லும். ஆகவே காற்றுப் படும் இடத்தில், பெயின்ட் சுரண்டிய உலோகப் பரப்பில் இறுக்கிப் பூட்ட வேண்டும்.

“எந்த வண்டி?” என்றுதான் ஓசூர்க் கடைக்காரரும் கேட்பார், பெங்களூர் ஜே.சி. ரோடு கடைக்காரரும் கேட்பார். வண்டியின் பெயர் மட்டும் போதாது. முப்பது நாற்பது ஆண்டுகளில் எத்தனை மெக்கானிக்குகள் எந்தச் சுருளை மாற்றினரோ! பழைய உறுப்பையும், கம்பிகள் எங்கெங்கே சேர்ந்திருந்தன என்று வரைந்த ஒரு துண்டுக் காகிதத்தையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

பூட்டிய பின் ஒரு சோதனை உண்டு. எஞ்சினை மிதமான வேகத்தில் ஓடவிட்டுப் பாட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள். 12 வோல்ட் பாட்டரியில் ஏறத்தாழ 14 வோல்ட்டும், 6 வோல்ட்டில் ஏறத்தாழ 7 வோல்ட்டும் காட்டுவது நலம். முறையே 15ஐயும் ஏழரையையும் தாண்டினால், ரெகுலேட்டர் இல்லையென்றோ பழுதென்றோ கொள்க. முள் அசையாதிருந்தால், இரவுப் பயணத்தை ஒத்திவையுங்கள்.

அன்று கடையில் நான் மிச்சப்படுத்திய தொகையைவிடப் புதுப் பாட்டரியின் விலை பன்மடங்கு. சூளகிரி இருளில் நான் நடந்த நடைக்கோ விலையே இல்லை. உங்களுள் ஒருவருக்கேனும் அந்த நடை நேராதிருக்குமானால் மகிழ்வேன்.