திருமுல்கேரியில் மாறியதும் மாறாததும்

புதுதில்லி: முப்பது ஆண்டுகளுக்குப் பின் அண்மையில் செகந்திராபாத் திருமுல்கேரிக்குச் சென்றபோது, நாங்கள் வாடகைக்குக் குடியிருந்த ஓட்டு வீட்டைக் காணவில்லை. அங்கே மாடிக் கட்டடம் எழும்பியுள்ளது. முற்றத்து வேப்பமரமும் இல்லை.

நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806-ல் உருவான நகரம் செகந்திராபாத். சென்னை ராணுவப் படையுடன் வந்த தமிழர்கள் பலர் இங்கேயே தங்கினர். எங்கள் தெருவிலும் தமிழ்க் குரல்கள் ஒலித்தன. இப்போது ஒரு வீட்டில் மட்டுமே கேட்டது.

அங்கிருந்த பெரியவர் கேட்டது ஒன்றுதான்: தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் சொல்வது?

கேள்வி நியாயமானது. கன்டோன்மென்ட் வாரியத்துக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015 ஜனவரியில். நீட்டிக்கப்பட்ட பதவிக்காலமும் 2021-ல் முடிந்தது. 2023 ஏப்ரல் 30-ல் தேர்தல் என அறிவித்த மத்திய அரசு, மார்ச் மாதமே அதை ரத்து செய்தது. குடியிருப்புப் பகுதிகளை மாநகராட்சியுடன் இணைக்கும் யோசனையே காரணமாகக் கூறப்பட்டது. இமாச்சலத்தின் காஸ் யோல் அந்த ஆண்டே விடுவிக்கப்பட்டது, செகந்திராபாத் காத்திருந்தது.

கன்டோன்மென்ட் வாரியத்தை நகராட்சியாகவே கருத வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டுச் சட்டம். ஆனால் இங்கு மேம்பாலச் சாலைக்கு நிலம் பெறவும் 2024-ல் பாதுகாப்பு அமைச்சகத்தின் அனுமதி தேவைப்பட்டது.

எம்.பி.யையும் எம்.எல்.ஏ.வையும் தேர்ந்தெடுக்கும் மக்களுக்கு, தங்கள் தெருவுக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் தள்ளிப்போடப்பட்டது. வீடுகள் மாறிவிட்டன. முடிவெடுக்கும் இடம் மட்டும் அன்றுபோலவே தில்லிதான்.