படைத்துறைக் கணனியறிவும் குடிமைத் தொழிலும்: திறன் கைமாறும் முறை பற்றிய ஒரு நோக்கு

யுத்தமே தொழில்நுட்பத்தின் தாய் என்னும் கருத்து பரவலாக நிலவுவது. கணனி, ராடர், செய்மதி ஆகியவற்றை உதாரணங்காட்டி, படைத்துறை ஈன்ற பொருள்களைக் குடிமைச் சமூகம் பின்னர் சுவீகரித்துக்கொள்கிறது என்பர். இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அது பொருள்களைப் பற்றி மாத்திரமே பேசுகிறது. பொருள்கள் தாமாக முகாமை விட்டு வெளியே வருவதில்லை. அவற்றை இயக்கியும் பழுதுபார்த்தும் அவற்றுக்குச் செய்நிரல் எழுதியும் பழகிய மனிதரே அவ்வறிவை வெளியே கொண்டுவருகின்றனர். எனவே, படைத்துறையிற் பெற்ற கணனித் திறன் குடிமைத் தொழிலாக மாறுவது எந்த நிபந்தனைகளின் கீழ், எவரது நலனுக்காக என்று வினவுதல் அவசியமாகின்றது.

மார்க்ஸ் 1857 செப்டெம்பர் 25 ஆம் திகதி எங்கெல்ஸுக்கு எழுதிய கடிதத்தில், உற்பத்திச் சக்திகளுக்கும் சமூக உறவுகளுக்குமிடையேயுள்ள தொடர்பினைப் படையின் வரலாறு துலக்கமாகக் காட்டுகிறது எனக் குறிப்பிட்டார். கூலிமுறை, ஒரே துறைக்குள் அமைந்த வேலைப்பிரிவினை, இயந்திரங்களின் பெருமளவான உபயோகம் ஆகியன படைகளிலேயே முதலில் வளர்ச்சியுற்றன என்பது அவரது அவதானம். கணனித்துறையின் வரலாறு இவ்வவதானத்துக்குப் புதியதொரு சான்றாக அமைகின்றது. இதனை மூன்று கட்டங்களாக நோக்கலாம்.

முதலாவது, இரண்டாம் உலக யுத்தம் முடிவுற்ற வேளையிலான பிரித்தானியா. ஜேர்மன் இராணுவத் தலைமையகத்தின் லோரன்ஸ் மறைகுறிச் செய்திகளை உடைப்பதற்காக 'கொலோசஸ்' என்னும் இலத்திரனியற் பொறியை அமைத்தவர் ரொமி ஃபிளவர்ஸ். கிழக்கு இலண்டனில் கொத்தனார் ஒருவரின் மகனாகப் பிறந்து, மாலை வகுப்புகளிற் பயின்று பட்டம்பெற்று, தபாற் திணைக்களத்தின் பொறியியலாளரானவர் அவர். 1,500 இற்கும் மேற்பட்ட வெற்றிடக் குழாய்களைக் கொண்ட அப்பொறி 1944 இன் தொடக்கத்தில் பிளெச்லி பார்க்கில் இயங்கலாயிற்று. யுத்த முடிவில் அத்தகைய பத்துப் பொறிகள் இருந்தன. அவற்றை இயக்கியோர் கடற்படையின் மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம் பெண்கள். யுத்தம் முடிந்ததும் பெரும்பாலான பொறிகள் கழற்றப்பட்டன, வரைபடங்கள் எரிக்கப்பட்டன, அனைவரும் மௌனம் காக்கப் பணிக்கப்பட்டனர். ஃபிளவர்ஸ் பின்னர் இதையொத்த பொறியொன்றை அமைக்க இங்கிலாந்து வங்கியிற் கடன் கோரியபோது, அத்தகைய பொறி இயங்காது என்ற காரணத்தால் அது மறுக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. தாம் ஏற்கெனவே அமைத்து இயக்கியதொன்றை, இயங்கும் என்று நிரூபிக்கும் உரிமை அவருக்கு இருக்கவில்லை. 1970 களிலேயே இவ்விரகசியம் சிறிது சிறிதாக வெளிப்பட்டது. அப்பெண்களின் கணனி அனுபவமும் அதுவரை எந்த விண்ணப்பத்திலும் இடம்பெறாத அனுபவமாகவே இருந்தது.

இதனை இரகசியச் சட்டத்தின் விளைவு என்று மட்டும் கூறி அமைதல் போதாது. கொலோசஸ் இயங்கிய பிரிவுக்குத் தலைமை வகித்த கணிதவியலாளர் மக்ஸ் நியூமனும் அதே இரகசியத்துக்குக் கட்டுப்பட்டவரே. ஆனால் அவர் கேம்பிறிட்ஜிற் கல்வி கற்பித்தவர். 1945 இல் மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். றோயல் சங்கத்தின் நிதியைப் பெற்றுக் கணனி ஆய்வுகூடம் அமைக்கும் முயற்சியைத் தொடங்கினார். யுத்தத்திற் செய்ததை அவரும் வெளியே சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை. அவரது பதவியே அவருக்காகப் பேசிற்று. மௌனம் இருவருக்கும் பொதுவானதாயினும் அதன் விலையைச் செலுத்தியவர் ஒருவரே.

ராடர்த் துறையினரின் நிலை இன்னும் வேறானது. மல்வேர்னில் இருந்த ராடர் ஆய்வு நிலையத்திலிருந்து ஃபிரெடெரிக் வில்லியம்ஸ் 1946 இன் இறுதியில் மன்செஸ்ரருக்கு வந்தார். ரொம் கில்பேண் அவருடன் இணைந்தார். ராடர்த் திரையிற் பயன்பட்ட கதோட்டுக் கதிர்க்குழாயை நினைவகமாக மாற்றி, 1948 யூன் 21 ஆம் திகதி, சேமித்த செய்நிரலொன்றைத் தமது சிறிய கணனியில் இயக்கிக் காட்டினர். அதிலிருந்து வளர்ந்த ஃபெரன்ரி மார்க் 1 கணனி 1951 பெப்ரவரியில் வழங்கப்பட்டது. இலங்கையில் நீண்டகாலம் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க்கையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். விமானப்படையில் ராடர்த் தொழில்நுட்பத்தில் ஈடுபட்டிருந்த அவர், யுத்தத்துக்கு முன் பல்கலைக்கழகஞ் செல்ல வசதியற்றவர். படையிலிருந்து விலகியபின் அரச உதவி பெற்று இலண்டன் கிங்ஸ் கல்லூரியிற் பட்டம்பெற்றார். இவர்களுக்கெல்லாம் வழி திறந்தது தனித்திறமை மட்டுமன்று. பேசத்தக்க அறிவு, ஏற்க ஆயத்தமான நிறுவனம், பொதுப்பணம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தமையே காரணமாகும்.

இரண்டாவது கட்டம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. 1949 ஓகஸ்டிற் சோவியத் ஒன்றியம் அணுகுண்டைப் பரிசோதித்ததையடுத்து, 'சேஜ்' எனப்பட்ட வான்காப்பு முறைமை உருவாக்கப்பட்டது. இருபதுக்கும் மேற்பட்ட நிலையங்களில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50,000 வெற்றிடக் குழாய்களைக் கொண்ட கணனிகளை ஐ.பி.எம். நிறுவனம் அமைத்தது. முதலாவது நிலையம் 1958 இற் செயற்படத் தொடங்கியது. இதற்குச் செய்நிரல் எழுதும் பொறுப்பு 1955 இல் றான்ட் நிறுவனத்திடம் சென்றது. பின்னர் அதிலிருந்து பிரிந்த சிஸ்ரம் டெவலப்மென்ற் கோப்பரேஷன் அதனை ஏற்றது. செய்நிரலாளர் என்ற தொழிலே அரிதாயிருந்த காலம் அது. எனவே இந்நிறுவனம் வேறு தொழில்களிலிருந்தவர்களைத் தேர்ந்தெடுத்துத் தானே பயிற்றுவித்தது. பயின்றோருட் பலர் சில ஆண்டுகளிற் கூடிய வேதனம் தந்த தனியார் நிறுவனங்களுக்குச் சென்றனர். விமானப்படையின் செலவில் ஒரு தேசத்தின் செய்நிரலாளர் பரம்பரை தோற்றுவிக்கப்பட்டது என்பது மிகையன்று.

சேஜ் அனுபவத்தை ஐ.பி.எம். நிறுவனம் வணிகத்துக்குத் திருப்பிய விதமும் கவனிக்கத்தக்கது. அமெரிக்கன் எயார்லைன்ஸ் விமானக் கம்பனிக்காக அது அமைத்த 'சேபர்' ஆசனப் பதிவு முறைமை 1964 இல் முழுமையாக இயங்கலாயிற்று. தொலைவிலுள்ள முனையங்களைத் தொலைபேசிக் கம்பிகளால் மையக் கணனியோடு இணைத்து உடனுக்குடன் விடைபெறும் முறை இரண்டுக்கும் பொதுவானது. எதிரி விமானத்தைக் கண்காணித்த அறிவு வெற்று ஆசனத்தைக் கண்காணிக்கும் அறிவாயிற்று. உழைப்பைப் பயிற்றிய செலவு பொதுமக்களுடையது. அதனாற் பெற்ற இலாபம் தனியாருடையது. ஆயினும் அவ்வுழைப்பாளருக்கு ஓர் அனுகூலம் இருந்தது. அவர்களது திறன் சந்தையில் அருமையாக இருந்தமையால் அதன் விலையை ஓரளவேனும் அவர்களே பேசித் தீர்மானிக்க முடிந்தது.

மூன்றாவது கட்டமாகிய இன்றைய நிலையில் அவ்வருமை இல்லை. 1973 இற் கட்டாய ஆட்சேர்ப்பு முடிவுற்றபின் அமெரிக்கப் படை சம்பளத்துக்குச் சேர்வோரின் படையாயிற்று. கல்லூரிக் கட்டணம் செலுத்த இயலாத குடும்பங்களின் பிள்ளைகள் பலர் தொழிற்பயிற்சியை எதிர்பார்த்தே அதிற் சேர்கின்றனர். தரைப்படையில் '25 பீ' எனக் குறிக்கப்படும் தகவல் தொழில்நுட்பச் சிப்பாய் வலையமைப்புகளைப் பராமரிக்கிறார்; கணனிகளைச் சீர்செய்கிறார். அவர் வெளியேறும்போது மூன்று வாயில்களைக் கடக்கவேண்டியுள்ளது.

முதலாவது வாயில் சான்றிதழ். அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 2004 இல் வெளியிட்ட 8570 ஆம் இலக்கப் பணிப்புரையும் அதன் இடத்துக்குப் பின்னர் வந்த 8140 உம் தகவற் பாதுகாப்புப் பணிகளுக்குரிய தகைமைகளை வரையறுத்தன. இவ்வகையில் ஏற்கப்பட்ட 'செக்குரிட்டி பிளஸ்' போன்ற சான்றிதழ்களை வழங்குவோர் அரசினர் அல்லர், வெளி அமைப்புகளே. அச்சான்றிதழ் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படவேண்டியது. பல ஆண்டுகள் வலையமைப்பை இயக்கிய ஒருவரின் அனுபவம், வெளியார் விற்கும் பரீட்சைத் தாளின் வழியாகவே அங்கீகாரம் பெறுகின்றது.

இரண்டாவது வாயில் பாதுகாப்பு அனுமதி. இதனைத் தனிமனிதர் தாமே விண்ணப்பித்துப் பெறமுடியாது; அரச அமைப்போ, அரச ஒப்பந்தம் பெற்ற நிறுவனமோ முன்மொழியவேண்டும். படையிலிருந்து விலகியதும் அது செயலிழக்கிறது. 24 மாதங்களுக்குள் அவ்வனுமதி தேவைப்படும் பதவியொன்றில் அமர்ந்தால், முன்னைய விசாரணை காலாவதியாகாத பட்சத்தில், அதனைப் பொதுவாக மீளப்பெறலாம். இவ்விதியின் சமூக விளைவு வெளிப்படையானது. விசாரணைக்கான செலவை அரசு ஏற்கெனவே செய்துவிட்டமையால், பாதுகாப்பு ஒப்பந்த நிறுவனங்கள் இத்தகையோரை விரும்பி ஏற்கின்றன. அனுமதி காலாவதியாகிவிடும் என்ற நெருக்குதல் விலகியவரையும் அத்திசையிலேயே தள்ளுகின்றது. சீருடையைக் களைந்தவர் சிலவேளைகளில் அதே முகாமுக்கு, அதே வேலைக்கு, கம்பனி அட்டையுடன் திரும்பிவருகிறார். குடிமைத் தொழில் என்று கூறப்படுவது இங்கே உடைமாற்றமாகக் குறுகிவிடுகிறது.

மூன்றாவது வாயில் இடைக்காலப் பயிற்சி. 'ஸ்கில் பிறிட்ஜ்' என்னும் திட்டத்தின்படி, சேவையின் இறுதி 180 நாட்களுக்கு மேற்படாத காலத்தை ஒருவர் தனியார் நிறுவனமொன்றிற் பயிற்சியாளராகக் கழிக்கலாம். அவருக்குரிய சம்பளத்தைப் படையே வழங்கும். நிறுவனம் சம்பளம் வழங்குவதில்லை. தொழிலறிமுகம் என்ற வகையில் இது பயனுள்ளதே. ஆயினும் சேஜ் காலத்தில் மறைமுகமாக நிகழ்ந்த மானியம் இங்கே பகிரங்கமான ஏற்பாடாகிவிட்டதை மறுப்பதற்கில்லை.

இம்மூன்றுக்கும் ஊடாக மொழிப்பிரச்சினை ஒன்றும் உண்டு. இலக்கிய மாணவர்க்கு இது அக்கறைக்குரியது. படைச்சேவை முடிப்போருக்குத் திரும்பத் திரும்பக் கூறப்படும் அறிவுரை, தமது அனுபவத்தைக் குடிமை மொழிக்கு மாற்றியெழுதுக என்பதாகும். குறியீட்டு எண்களும் குறுக்கங்களும் நிறைந்த படைமொழி வேலைகொள்வோருக்கு விளங்காது என்பது மெய். ஆனால் மாற்றப்படுவன சொற்கள் மாத்திரமல்ல. படைமொழியிற் செயலின் எழுவாய் 'நாம்'. சுயவிபரக் கோவையின் எழுவாய் 'நான்'. ஒரு குழு இரவுபகலாகக் காத்த வலையமைப்பு, ஒருவர் தனியே நிகழ்த்திய சாதனையாக எழுதப்படவேண்டும். கூட்டுழைப்பைத் தனிச்சொத்தாக உருமாற்றும் இவ்வெழுத்துமுறை கட்டளையிட்டோருக்கு எளிது. 'தலைமை வகித்தேன்' என்பது முகாமைப் பதவிக்குரிய மொழி. கம்பி பொருத்தியவருக்கும் கணனி திருத்தியவருக்கும் அது எளிதன்று. அவர் தோல்வியுறும்போது, தம்மை விளக்கத் தெரியாதவர் என்ற பழியும் அவர்மீதே சுமத்தப்படுகிறது.

படைத்துறைப் பயிற்சி வறிய குடும்பங்களிற் பிறந்த பலருக்கு நிலையான வருவாயை அளித்துள்ளது என்பதை மறுத்தல் வரட்டுவாதமாகும். 1944 இன் சட்டமும் அதன் வழிவந்த சட்டங்களும் முன்னாட் படையினர்க்குக் கல்வி உதவி வழங்கியமை உண்மையான முன்னேற்றமே. ஆனால் அவ்வுதவியைப் பெற்றதனால் அவர் கடனாளியாகிவிடமாட்டார். பயிற்சிக்குச் செலவானது மக்களின் வரிப்பணம். அதற்கு ஈடாக அவர் தமது உழைப்பையும், சிலர் உயிரையும், வழங்கினர்.

ஆகவே, பிரச்சினை தனிமனிதரின் சாமர்த்தியம் பற்றியதன்று. சேவைக்காலத்திலேயே ஒருவர் செய்த பணியை, இரகசியத்துக்கு ஊறு நேராவண்ணம், யாவரும் அறியும் மொழியிற் பதிந்து கொடுத்தல் அரசின் கடமையாக வேண்டும். பொதுப்பணத்திற் பெற்ற திறனைப் பொதுக் கல்விநிறுவனங்களே மதிப்பிட்டுச் சான்றளித்தல் வேண்டும். வைத்தியசாலை, போக்குவரத்து, பாடசாலை முதலிய பொதுத்துறைகள் அத்திறனை ஏற்கும் களங்களாக விரிதல் வேண்டும். ஃபிளவர்ஸ் பேச அனுமதிக்கப்படவில்லை. இன்றைய சிப்பாய்க்குப் பேச அனுமதி உண்டு, ஆனால் சந்தையின் மொழியில் மாத்திரமே. இவ்விரு நிலைகளுக்குமிடையே நிகழ்ந்த மாற்றத்தைச் சரிவர மதிப்பிடாமல், தொழில்நுட்ப வளர்ச்சியின் சமூகப் பயன் பற்றி நாம் எதுவும் உறுதியாகக் கூறமுடியாது.