திட்டு வாங்க ஓர் ஆள்

கஸ்டமர் கேருக்கு யாரும் சந்தோஷமாக போன் போடுவதில்லை. பணம் பிடித்திருப்பார்கள், பொருள் வந்திருக்காது, நெட் படுத்திருக்கும். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அலைக்கழித்த பிறகு ஒரு குரல் ‘வணக்கம்’ என்கிறது. அந்தக் குரல் மேல்தான் பாய்கிறோம். தென்காசி மாவட்டத்துச் சிவகிரியிலோ வாசுதேவநல்லூரிலோ டிகிரி முடித்துவிட்டு, சென்னையில் நாலைந்து பேரோடு ஓர் அறையில் தங்கியிருக்கும் பிள்ளையின் குரலாக அது இருக்கலாம். நெல்லும் எலுமிச்சையும் விளைகிற இந்தப் பக்கத்தில், படித்த படிப்புக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை என்று வீட்டார் நம்பி அனுப்பிய வேலை அது.

ஹெட்செட்டை மாட்டி லாகின் செய்த நொடியிலிருந்து கணக்கு ஓடும். ஓர் அழைப்பை எத்தனை நிமிடத்தில் முடித்தார், முடித்தபின் குறிப்பு எழுத எத்தனை விநாடி எடுத்தார், பாத்ரூம் போய்வர எவ்வளவு நேரம், எல்லாமே டீம் லீடரின் திரையில் தெரியும். பதிவான பேச்சைக் கேட்டு குவாலிட்டி பிரிவினர் மார்க் போடுவார்கள். வாடிக்கையாளர் பெயரைச் சொன்னாரா, வருத்தம் தெரிவித்தாரா, ‘வேறு ஏதாவது உதவி வேண்டுமா’ என்று கேட்டாரா என்று பார்ப்பார்கள். பிரச்சினை தீர்ந்ததா என்பது வேறு கணக்கு.

ஏனென்றால், தீர்க்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. பிடித்த நூறு ரூபாயைத் திருப்பித் தர அவரால் முடியாது. ‘மேலிடத்துக்கு அனுப்பியிருக்கேன் சார், 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க’ என்று திரையில் உள்ளதைச் சொல்ல முடியும். கூப்பிட மாட்டார்கள் என்று அவருக்கே தெரிந்திருந்தாலும் அதைத்தான் சொல்ல வேண்டும். போனை வைத்ததும் வாடிக்கையாளருக்கு ஒரு குறுஞ்செய்தி போகும், ‘எங்கள் ஊழியரை மதிப்பிடுங்கள்’ என்று. கம்பெனி மேல் உள்ள கோபத்தில் அவர் மிகக் குறைந்த மதிப்பெண்ணான ஒன்றை அழுத்துகிறார். குறைவது பிள்ளையின் இன்சென்டிவ்.

சம்பளக் குறைவும் நைட் ஷிப்டும் கஷ்டம்தான். ஆனால், தான் செய்யாத தப்புக்கு நாள் முழுக்க மன்னிப்புக் கேட்பதுதான் ஆளை உள்ளே அரிக்கிறது என்று நினைக்கிறேன். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்ட் 1983-ல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து எழுதிய நூலில், இப்படி உள்ளே இருக்கும் உணர்ச்சியை அடக்கி வேலைக்கு ஏற்ற முகம் காட்டுவதை உணர்ச்சி உழைப்பு என்றார். மூட்டை தூக்குபவருக்குத் தோள் வலிப்பதுபோல இவர்களுக்கு மனசு வலிக்கிறது. அதற்குக் கூலி கிடையாது.

தொலைபேசி நிறுவனத்தை அழைப்பவர்களில் பெரும்பாலானோருக்கு 90 விநாடிக்குள் ஆள் கிடைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி வைத்திருக்கிறது. நல்லது. எடுக்கிறவர் எத்தனை கெட்ட வார்த்தை வரை கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்கு வரம்பு எங்கே?

முறையிட்டாலும் ஒன்றும் நடக்காது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். நடந்திருக்கிறது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த கடைப் பெண்கள், உட்கார அனுமதி கேட்டு விடாமல் போராடினார்கள். 2018-ல் கேரளத்தில் உட்காரும் உரிமை சட்டமானது. 2021-ல் தமிழ்நாடும் கடை, நிறுவன ஊழியர்களுக்கு இருக்கை தரச் சட்டம் திருத்தியது. ஐடி ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆனாலும் வேலை போய்விடுமோ என்ற பயத்தில், சங்கம் என்ற பேச்சையே எடுக்காமல் ஒரு வருடம் ஓட்டிவிட்டு வேறு கம்பெனிக்கு மாறுகிறார்கள். அங்கேயும் அதே ஹெட்செட்தான்.

இதே தென்காசி மாவட்டத்தின் மத்தளம்பாறையில் 2011-ல் ஜோஹோ அலுவலகம் தொடங்கியது. வாடிக்கையாளர் புகார்களைக் கையாள உலகெங்கும் பல நிறுவனங்கள் வாங்கும் ‘ஜோஹோ டெஸ்க்’ மென்பொருள் உருவானது இந்தத் தென்காசியில்தான். புகாரைப் பதிவதற்கு இவ்வளவு நுட்பம் வந்துவிட்டது. பதிகிறவரின் நிலைமை மட்டும் அப்படியே இருக்கிறது.

கம்பெனிகள் பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை உண்டு. சின்னத் தொகைகளைத் திருப்பித் தர முன்வரிசை ஊழியருக்கே அதிகாரம் கொடுக்கலாம். ஒருமுறை எச்சரித்தும் அசிங்கமாகப் பேசினால் அழைப்பைத் துண்டிக்க அனுமதிக்கலாம். வாடிக்கையாளர் போடும் மதிப்பெண்ணில் கம்பெனிக்கு விழுந்ததையும் ஊழியருக்கு விழுந்ததையும் பிரித்துப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் இன்சென்டிவில் கை வைக்கட்டும்.