வெள்ளணுக்களின் செவிலித்தாய்

மாமன் மகளை மணப்பதும் அக்காள் மகளைக் கொள்வதும் நம்மிடையே உரிமை என்றே கருதப்படுகின்றன. கள்ளக்குறிச்சி நகரிலும் கல்வராயன் மலையடிவாரத்துச் சிற்றூர்களிலும் இக்கருத்தில் வேறுபாடில்லை. திருச்சபைச் சட்டமோ, இவ்விரு உறவிலும் விதிவிலக்குப் பெறாத திருமணம் செல்லாது என்கிறது. "சொந்தத்திற்குள் கொடுத்தால் என்ன குறை, சாமி?" என்று வினவுவோர் பலர். மருத்துவ நூல்கள் அதற்குத் தரும் விடைகளுள் ஒன்றை மட்டும் இங்கு எடுத்துரைக்க விழைகிறேன்.

நம் குருதியில் உலவும் வெள்ளணுக்களுள் நிணவணுக்கள் என்பவை ஒரு பிரிவு. அவற்றுள் டி அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் தோன்றி, மார்பெலும்பின் பின்னே உள்ள தைமஸ் சுரப்பியில் வளர்கின்றன. இளம் அணு தானே பிழைக்க வல்லதன்று. அங்குள்ள வேறு அணுக்கள் சுரந்து ஊட்டும் இன்டர்லூக்கின்-7 என்னும் புரதம் கிட்டாவிடில் அது மடியும். 1988ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட இது, அணுக்களிடையே தூது செல்லும் சைட்டோகைன் இனத்தைச் சார்ந்தது. நிணவணுவின் மேற்புறத்தில் இரு சங்கிலிகளாலான ஏற்பி ஒன்றுண்டு. புரதம் அதில் பொருந்தியதும் 'வாழ்க, பெருகுக' என்ற செய்தி உட்செல்கிறது. தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாடு அணுவிலேயே அமைந்திருக்க, இச்செய்தி அதனைத் தடுத்து நிறுத்துகிறது. வளர்ந்த அணுக்களுக்கும் இவ்வூட்டம் வேண்டும். அளவாகச் சமைத்த பந்தியைப் போல, உண்போர் பெருகினால் பங்கு குறையும், குறைந்தால் மிஞ்சும். டி அணுக்களின் தொகை ஓரளவில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏற்பியின் ஒரு சங்கிலிக்குரிய மரபணு பழுதானால், சோறிருந்தும் உண்ண வாயில்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அப்பழுது வந்தால்தான் நோய் தோன்றும். ஒரே பாட்டனார் வழிவந்தோர் மணக்கும்போது அதே பழுதை இருவரும் சுமந்திருக்கும் வாய்ப்பு மிகுகிறது. அப்போதும் ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கே ஆபத்து. நோயும் மிக அரிது. உறவில் மணந்தோர் கலங்க வேண்டுவதில்லை.

மற்றொரு சங்கிலியின் பழுது தாய்வழியே ஆண்மக்களைத் தாக்கும்; அதற்கு உறவுத் திருமணம் காரணமன்று. அமெரிக்காவில் 1971இல் பிறந்த டேவிட் வெட்டர் அத்தகையவன். கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. கிருமி நீக்கிய நீரால் திருமுழுக்குப் பெற்று, பிளாஸ்டிக் கூடாரத்துள் 12 ஆண்டுகள் வாழ்ந்தான். தமக்கையின் மஜ்ஜை செலுத்தப்பட்டபோது அதில் மறைந்திருந்த வைரஸால் 1984இல் இறந்தான்.

தாயிடமிருந்து பெற்ற காப்பு தேயத் தேய, சில மாதங்களில் ஆறாத வாய்ப்புண், ஓயாத வயிற்றுப்போக்கு, மீண்டும் மீண்டும் நுரையீரல் அழற்சி, எடை ஏறாமை எனக் குறிகள் தோன்றும். நம் பாட்டிமார் இவற்றை மாந்தம் என்பர். மந்திரிப்பதில் நாள் கழியும். சாதாரண இரத்த அணுப் பரிசோதனையிலேயே நிணவணுக்களின் குறைவு பெரும்பாலும் தென்படும் என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?

பி.சி.ஜி. தடுப்பூசி வலுக்குன்றிய உயிர்க் கிருமியால் ஆனது. நம் பிள்ளைகளுக்கு அதனைத் தவறாது இடுதல் வேண்டும். ஆயினும் இந்நோயுள்ள சிசுவுக்கு அதுவே கேடாகும். ஆதலால் முன்னர் ஒரு குழந்தை இவ்விதம் இறந்த வீட்டில், அடுத்த குழந்தை பிறந்தவுடன், ஊசிக்கு முன்பே, மருத்துவரிடம் அதனைக் கூறிவிடுங்கள். மலையிலிருந்து இறங்கி வருவோருக்குக் கள்ளக்குறிச்சியிலேயே 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. 1986 முதல் மஜ்ஜை மாற்று நடைபெறும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் எட்டாத தொலைவன்று. நோய்த்தொற்று பற்றுமுன், முதல் மூன்றரை மாதங்களுக்குள் மஜ்ஜை மாற்றப்பெற்ற குழந்தைகளுள் பெரும்பாலோர் பிழைத்துள்ளனர்.