வெயிலை வேலை வாங்கும் தூள்

சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு ஓர் ஒளிவினையூக்கி. சாயத் தண்ணீரில் இந்தத் தூளைக் கலக்கிப் புற ஊதா ஒளியைக் காட்டினால், தூளுக்குள் எலக்ட்ரான் ஒன்று மேல்நிலைக்குத் தாவும். அது விட்டுப்போன இடம் ‘துளை’. தண்ணீரையும் அதில் கரைந்துள்ள ஆக்சிஜனையும் அந்த எலக்ட்ரானும் துளையும் வீரியம் மிக்க துகள்களாக மாற்ற, அவை சாய மூலக்கூறுகளை உடைக்கின்றன. ஜப்பானிய விஞ்ஞானிகள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் ஒளியைக் கொண்டு தண்ணீரைப் பிளந்ததாக 1972இல் அறிவித்ததும் இதே ஆக்சைடை வைத்துத்தான்.

ஆனால் எலக்ட்ரானைக் கிளப்ப இதற்கு 3.2 எலக்ட்ரான் வோல்ட் தேவை. அவ்வளவு ஆற்றலுள்ள புற ஊதா, வெயிலில் ஏறக்குறைய 5 சதவீதம்தான். மஞ்சள் நிறக் காட்மியம் சல்ஃபைடுக்கு 2.4 போதும், கண்ணுக்குத் தெரியும் ஒளியே அதை இயக்கிவிடும். ஆனால் கிளம்பிய எலக்ட்ரான் கணத்தில் துளைக்கே திரும்பிவிடுகிறது. போதாததற்கு, ஒளியில் அந்தச் சல்ஃபைடே அரிக்கப்பட்டு நச்சுக் காட்மியம் தண்ணீரில் கலக்கிறது.

கூட்டுப்பொருள் இங்கேதான் கைகொடுக்கிறது. இவை போன்ற குறைகடத்திகளில் பொருத்தமான இரண்டை ஒட்டி வளர்த்தால், எலக்ட்ரான் ஒன்றுக்குள் போக, துளை மற்றதில் தங்கும். பிரிந்திருக்கும் அந்தச் சிறு நேரத்தில் வேலை நடந்துவிடும்.

புனேயின் பாஷாணில் உள்ள சி-மெட் ஆய்வு மையம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இயங்கும் வினையூக்கிகளில் நெடுநாளாக உழைத்துவருகிறது. அதன் விஞ்ஞானியாக இருந்த பாரத் காலே, கொரிய ஆய்வாளர்களோடு சேர்ந்து 2006இல் வெளியிட்ட காட்மியம் இண்டியம் சல்ஃபைடு, நுண்ணோக்கியில் செண்டுமல்லி போல இதழ் இதழாகத் தெரிந்தது. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பிளந்து ஹைட்ரஜன் எடுப்பதே அதன் வேலை. சாயத்தை உடைப்பதற்கும் அடிப்படை இதே எலக்ட்ரானும் துளையும்தான்.

ஆய்வகங்கள் பெரும்பாலும் மெத்திலீன் நீலச் சாயத்தில்தான் சோதிக்கின்றன. நீலம் வெளுத்ததை மட்டும் வெற்றியாகக் கொள்ளக் கூடாது. சாயமே ஒளியை உறிஞ்சித் தானாகவும் வெளுக்கலாம். நிறம் போனபின்னும் உடைந்த துண்டுகள் தண்ணீரில் மிஞ்சலாம். கரிமக் கார்பன் மொத்தமும் எவ்வளவு குறைந்தது என்று அளந்து சொல்லும் ஆய்வைத்தான் நான் நம்புவேன்.

சாயக்கழிவால் கெட்ட நொய்யல் ஆற்றையும் அதன் ஒரத்துப்பாளையம் அணையையும் அறிந்த நமக்கு இந்த ஆய்வு முக்கியம். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்குப் பின்னால் இருந்த கழிவில் சாயம் மட்டுமில்லை, உப்பும் ஏராளம். எந்த ஒளிவினையூக்கியும் உப்பை நீக்காது. கலங்கிய நீருக்குள் வெயிலும் ஆழமாக இறங்காது. ஆகவே உப்பைப் பிரிக்கும் சவ்வு வடிகட்டிக்குத் துணையாக, ஓரளவு தெளிந்த நீரில்தான் இதற்கு இடம். வேலை முடிந்ததும் தூளைத் திரும்ப எடுத்தாக வேண்டும். அதற்காகவே காந்தத்தில் ஒட்டும் இரும்பு ஆக்சைடைச் சேர்த்தும் கூட்டுப்பொருள்கள் தயாராகின்றன.